இரண்டாவது விக்கெட் கீப்பர்

கிரிக்கெட் அணியின் முதன்மை விக்கெட் கீப்பர் காயமடைந்தாலோ நோயுற்றாலோ அவர் இடத்தில் நிற்பதற்காக அணியுடன் அழைத்துச் செல்லப்படுபவர் இரண்டாவது விக்கெட் கீப்பர் அல்லது மாற்று விக்கெட் கீப்பர் எனப்படுகிறார். பெரும்பாலான ஆட்டங்களில் இவருக்கு வேலை இருப்பதில்லை. ஆகவே, 15 அல்லது 16 பேர் கொண்ட அணியில் இவருக்கென ஓர் இடத்தை ஒதுக்கலாமா, அந்த இடத்தைக் கூடுதலான ஒரு மட்டையாளருக்கோ பந்துவீச்சாளருக்கோ கொடுக்கலாமா என்ற கேள்வி தேர்வாளர்கள் முன் அடிக்கடி வந்து நிற்கிறது. இந்திய அணியின் வரலாற்றில் இக்கேள்விக்குப் பல காலங்களில் பல விடைகள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் சில சென்னை மைதானங்களோடும் தமிழ்நாட்டு வீரர்களோடும் நெருங்கிய தொடர்புடையவை.

கீப்பர் பணியின் தனித்தன்மை

ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களில் விடுமுறை நாட்களில் டென்னிஸ் பந்தில் ஆடும் இளைஞர்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. அந்தப் பந்தை வெறுங்கையால் பிடிக்கலாம். ஒருவர் களைத்தால் இன்னொருவர் ஸ்டம்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். தோல் பந்து வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அதன் எடை ஏறக்குறைய 156 முதல் 163 கிராம். வேகப் பந்துவீச்சில் அது மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேலும் வரக்கூடும். டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 90 ஓவர், அதாவது 540 பந்துகள் வீசப்படுகின்றன. கீப்பர் ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து எழ வேண்டும். விரல், கணுக்கால், முதுகு, தொடைத்தசை ஆகியவை காயமடைய வாய்ப்பு மிகுதி.

சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நின்று கீப்பிங் செய்வது இன்னும் கடினம். மட்டையாளர் பந்தை மறைப்பார்; பந்து திரும்பும், எழும், தாழும். இக்கலையின் மதிப்பைச் சென்னை இருமுறை கண்டது. 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தை வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது சென்னையில்தான். அந்த ஆட்டத்தில் கீப்பர் புரோபீர் சென் வினூ மன்கட்டின் பந்துவீச்சில் 5 பேரை ஸ்டம்பிங் செய்தார். 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே ஆட்டத்தில் கீப்பர் கிரண் மோரே 6 ஸ்டம்பிங்குகள் செய்தார்; அவற்றுள் 5 ஒரே இன்னிங்ஸில் செய்யப்பட்டவை. பழக்கமில்லாத ஒருவர் அந்த ஆடுகளத்தில் கையுறை அணிந்திருந்தால், ஹிர்வானியின் கணக்கு அந்த அளவுக்கு உயர்ந்திருக்குமா என்பது ஐயமே.

மாற்று ஆட்டக்காரர் பற்றிய சட்டம்

இந்தக் கேள்விக்கு விடை காண, கிரிக்கெட் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். களத்தில் ஒருவர் காயமடைந்தால் அவருக்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரர் ஃபீல்டிங் செய்யலாம். ஆனால் மட்டை பிடிக்கவோ பந்து வீசவோ கூடாது. கீப்பராக நிற்கலாமா என்பதில் சட்டம் நீண்ட காலம் கடுமையாகவே இருந்தது.

எதிரணித் தலைவரின் பெருந்தன்மையால் சில வேளைகளில் விலக்குக் கிடைத்தது. 1986இல் லார்ட்ஸ் மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில், இங்கிலாந்துக் கீப்பர் புரூஸ் பிரெஞ்ச் மட்டை பிடித்தபோது ரிச்சர்ட் ஹாட்லியின் பந்து தலையில் பட்டுக் காயமடைந்தார். முதலில் பில் ஏத்தி சில ஓவர்கள் கீப்பராக நின்றார். பின்னர், ஓய்வு பெற்றுவிட்ட 45 வயது பாப் டெய்லர் வந்து கையுறை அணிந்தார். அன்று அவர் லார்ட்ஸுக்கு வந்திருந்தது ஆடுவதற்காக அன்று. போட்டியை நடத்திய காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் விருந்தினர்களைக் கவனிப்பதற்காக. அடுத்து ஹாம்ப்ஷயர் அணியின் பாபி பார்க்ஸ் நின்றார். இறுதியில் பிரெஞ்சே திரும்பி வந்தார். ஒரே இன்னிங்ஸில் நான்கு கீப்பர்கள்! நியூசிலாந்துத் தலைவர் ஜெரமி கோனி இசைவு தந்ததால்தான் இது நடந்தது.

2000ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, மாற்று ஆட்டக்காரர் கீப்பராக நிற்கக் கூடாது என்று தெளிவாகவே கூறியது. ஆகவே ஆட்டத்தின் நடுவில் கீப்பர் காயமடைந்தால், களத்தில் இருக்கும் மற்ற பத்துப் பேரில் ஒருவர்தான் கையுறை அணிய வேண்டும். இரண்டாவது கீப்பர் ஓய்வறையில் இருந்தாலும் அவரால் பயனில்லை. அடுத்த ஆட்டத்துக்குத்தான் அவர் உதவுவார். 2017 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இதை மாற்றியது. நடுவர்களின் இசைவு இருந்தால் மாற்று ஆட்டக்காரர் கீப்பராகவும் நிற்கலாம்.

சென்னையில் கைமாறிய கையுறை

1960களில் இந்தியாவுக்கு இரு சிறந்த கீப்பர்கள் இருந்தனர். ஒருவர் ஃபரூக் எஞ்சினியர்; மற்றவர் புதி குந்தரன். இருவரும் அதிரடியாக மட்டை வீசுபவர்கள். ஒருவர் ஆடினால் மற்றவர் வெளியே என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

1964 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிரான தொடரின் முதல் டெஸ்ட் சென்னை நேரு விளையாட்டரங்கில் நடைபெற்றது. எஞ்சினியர் ஆட முடியாமல் போகவே குந்தரனுக்கு வாய்ப்புக் கிடைத்தது. தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய அவர் முதல் நாள் முடிவில் 170 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் இருந்தார். மறுநாள் 192இல் ஆட்டமிழந்தார். அந்தத் தொடரில் தில்லியில் மேலும் ஒரு சதம் அடித்து, மொத்தம் 525 ரன்கள் குவித்தார். இந்தியக் கீப்பர் ஒருவர் டெஸ்டில் எடுத்த மிக அதிக ரன்கள் என்ற பெருமை அந்த 192க்கு 49 ஆண்டுகள் இருந்தது. 2013 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மகேந்திர சிங் தோனி 224 ரன்கள் எடுத்து அதை முந்தினார். அந்த ஆட்டமும் சென்னையில்தான் நடந்தது.

மூன்றே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1966-67இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான தொடரில் முதல் இரண்டு டெஸ்டுகளில் குந்தரன் கீப்பர். மூன்றாவது டெஸ்டுக்கு எஞ்சினியர் அழைக்கப்பட்டார். 1967 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த அந்த ஆட்டத்தின் முதல் நாள் உணவு இடைவேளைக்குள் எஞ்சினியர் 94 ரன்கள் எடுத்தார். பிறகு சதமும் அடித்தார். அதன்பின் முதலிடம் எஞ்சினியருக்கே உரியதாயிற்று. குந்தரன் 18 டெஸ்டுகளோடு நின்றார். எஞ்சினியர் 46 டெஸ்டுகள் ஆடினார். வெளியே இருந்தவர் உள்ளே இருந்தவருக்குச் சிறிதும் குறைந்தவர் அல்லர் என்பதையே இந்த இரு சென்னை ஆட்டங்களும் காட்டுகின்றன.

காத்திருந்தவர்கள்

இரண்டாவது கீப்பரின் வாழ்க்கை பெரும்பாலும் காத்திருப்பு. சையத் கிர்மானி 1971இலும் 1974இலும் இங்கிலாந்துக்கு இந்திய அணியுடன் சென்றார். இரு பயணங்களிலும் அவருக்கு ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. 1976 ஜனவரியில் ஆக்லாந்தில்தான் முதல் டெஸ்ட் ஆடினார். தன் இரண்டாவது டெஸ்டிலேயே ஓர் இன்னிங்ஸில் 6 பேரை ஆட்டமிழக்கச் செய்து அன்றைய உலகச் சாதனையைச் சமன் செய்தார். மொத்தம் 88 டெஸ்டுகள் ஆடினார். காத்திருப்பு அவருக்குப் பயனளித்தது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. சென்னையில் பிறந்த பரத் ரெட்டி, கிர்மானிக்கு அடுத்த நிலையில் இருந்தவர். 1979இல் கிர்மானி அணியிலிருந்து நீக்கப்பட்டபோது இங்கிலாந்துத் தொடரின் 4 டெஸ்டுகளிலும் ரெட்டியே கீப்பராக நின்றார். அணித் தலைவரும் சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவனே. கடைசி டெஸ்ட் ஓவல் மைதானத்தில் நடந்தது. வெற்றிக்கு 438 ரன்கள் தேவைப்பட்ட நிலையில், சுனில் கவாஸ்கரின் 221 ரன்களின் துணையோடு இந்தியா 8 விக்கெட் இழப்புக்கு 429 ரன்கள் எடுத்தபோது நேரம் முடிந்தது. அப்போது களத்தில் நின்றவர்கள் கர்சன் காவ்ரியும் பரத் ரெட்டியும். அந்த மாதமே சென்னையில் தொடங்கிய ஆஸ்திரேலியத் தொடரில் கிர்மானி திரும்பி வந்தார். ரெட்டிக்கு அதன்பின் டெஸ்ட் வாய்ப்புக் கிடைக்கவே இல்லை.

சென்னையின் தினேஷ் கார்த்திக் 2004இல் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். தோனி வந்தபின் கீப்பர் இடம் கைநழுவியது. 2007இல் இங்கிலாந்துக்குச் சென்றபோது தொடக்க மட்டையாளராக ஆடி 263 ரன்கள் எடுத்தார். இந்தியா 1-0 என வென்ற அத்தொடரில் இந்தியர் எவரும் அதைவிட அதிகம் எடுக்கவில்லை. 2010 ஜனவரியில் தோனி ஆடாத சிட்டகாங் டெஸ்டில் கீப்பராக நின்றார். அடுத்த டெஸ்ட் அவருக்கு எப்போது கிடைத்தது? 2018 ஜூனில், விருத்திமான் சாஹா காயமடைந்ததால் பெங்களூரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக. இடையில் இந்தியா 87 டெஸ்டுகள் ஆடிவிட்டது.

அதே ஆண்டு மார்ச் 18 அன்று கொழும்பில் நடந்த நிதகாஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில், தோனிக்கு ஓய்வு தரப்பட்ட அணியில் கார்த்திக் கீப்பராக இருந்தார். 8 பந்துகளில் 29 ரன்கள் எடுத்து, கடைசிப் பந்தில் சிக்சர் அடித்து வங்கதேசத்தை வென்றார். நெடுங்காலம் காத்திருந்தாலும் பயிற்சியை விடாதவரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்த 8 பந்துகள் சான்று.

ஒருவரே போதும் என்ற முடிவு

இரண்டாவது கீப்பர் இல்லாமலும் இந்திய அணி பெருந்தொடர்களில் ஆடியுள்ளது. 1983 உலகக் கோப்பைக்குச் சென்ற 14 பேரில் கிர்மானி ஒருவரே கீப்பர். இறுதி ஆட்டம் உட்பட 8 ஆட்டங்களிலும் அவரே நின்றார், கோப்பையும் கிடைத்தது. ஆனால் அவர் விரல் ஒன்று முறிந்திருந்தால், ஈடாக நிற்கப் பயிற்சி பெற்ற கீப்பர் அணியில் இல்லை. அந்த வெற்றியில் நல்லூழுக்கும் ஒரு பங்கு உண்டு.

1999 உலகக் கோப்பையில் நயன் மோங்கியா மட்டுமே முழுநேரக் கீப்பர். டான்டன் நகரில் இலங்கைக்கு எதிரான ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. ராகுல் திராவிட் கையுறை அணிந்தார். அன்று திராவிட் 145, சவுரவ் கங்குலி 183, இருவரும் சேர்ந்து 318 ரன்கள் எடுத்தனர், இந்தியா வென்றது. இந்த ஏற்பாடு பிற்காலத்தில் ஒரு கொள்கையாகவே ஆயிற்று. கூடுதலாக ஒரு மட்டையாளரை ஆடவைப்பதற்காக 2003 உலகக் கோப்பையில் திராவிடே முதன்மைக் கீப்பரானார். முழுநேரக் கீப்பரான பார்த்திவ் படேல் அணியில் இருந்தும் ஓர் ஆட்டத்திலும் ஆடவில்லை. இந்தியா இறுதி ஆட்டம் வரை சென்றது.

2020 ஜனவரியில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் ரிஷப் பந்த்தின் தலைக்கவசத்தில் பந்து பட்டதால் அவரால் கீப்பராக நிற்க முடியவில்லை. கே. எல். ராகுல் அந்தப் பொறுப்பை ஏற்றார். அவசரத்துக்கு நின்ற அவரே 2023 உலகக் கோப்பையில் முதன்மைக் கீப்பராக இருந்தார்.

திராவிட், ராகுல் ஆகியோரின் அனுபவம், மட்டையாளர் ஒருவரே கீப்பராகவும் நின்றால் அணிக்கு ஓர் இடம் மிச்சம் என்று சொல்கிறது. ஆனால் இருவருமே இளமையிலிருந்து கீப்பிங் பழகியவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இடத்தை அடைப்பவரா?

இரண்டாவது கீப்பரை அழைத்துச் செல்வதற்கு எதிராகவும் ஒரு வலுவான சான்று உண்டு. 2010 பிப்ரவரியில் நாக்பூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட். மூத்த மட்டையாளர்கள் சிலர் காயத்தால் ஆட முடியாத நிலை. அன்று முதல் டெஸ்ட் ஆடவிருந்த ரோகித் சர்மா, ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் பயிற்சியின்போது கணுக்காலில் அடிபட்டார். அணியில் மிச்சமிருந்த மட்டையாளர் என்று சொல்லத்தக்கவர் மாற்றுக் கீப்பரான சாஹா ஒருவரே. தோனி கீப்பராக நிற்க, சாஹா வெறும் மட்டையாளராகத் தன் முதல் டெஸ்டில் இறங்கினார். 0, 36 என்ற ரன்களே எடுத்தார். இந்தியா ஓர் இன்னிங்ஸும் 6 ரன்களும் வித்தியாசத்தில் தோற்றது.

இந்த நிகழ்வு காட்டுவது ஒன்றே. அணியில் உள்ள ஒவ்வோர் இடமும் ஒரு விலை கொடுத்துப் பெறுவது. கீப்பருக்கு ஈடு வைத்தால் மட்டையாளருக்கு ஈடு குறையும்.

2017க்குப் பிந்தைய நிலை

சட்டம் மாறியபின் இரண்டாவது கீப்பரின் பயன் கூடியது. 2018 ஜனவரியில் ஜோகானஸ்பர்க் டெஸ்டில் பார்த்திவ் படேலின் விரலில் காயம் ஏற்பட்டபோது, சாஹாவுக்கு ஈடாக வரவழைக்கப்பட்டிருந்த தினேஷ் கார்த்திக் மாற்று ஆட்டக்காரராகக் கீப்பிங் செய்தார். நான்கு மாதங்களுக்கு முன்புவரை இதற்கு இடமே இல்லை.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு 2021 நவம்பரில் கான்பூரில் நடந்த நியூசிலாந்து டெஸ்ட். மூன்றாம் நாள் காலை சாஹாவுக்குக் கழுத்துப் பிடிப்பு. ஆந்திரத்தைச் சேர்ந்த கே. எஸ். பரத் மாற்றாக வந்தார். நியூசிலாந்தின் தொடக்க இணையைப் பிரிக்க முடியாமல் இந்தியா திணறிக்கொண்டிருந்த நேரம் அது. அஸ்வின் பந்தில் வில் யங் 89 ரன்களில் பரத்திடம் பிடி கொடுத்தார். பிறகு அக்சர் படேல் பந்தில் ராஸ் டெய்லரின் கேட்சைப் பிடித்தார். 95 ரன்கள் எடுத்திருந்த டாம் லேதமை ஸ்டம்பிங் செய்தார். டெஸ்ட் அணியில் ஒருமுறைகூட இடம்பெறாத ஒருவர் மூன்று முக்கிய விக்கெட்டுகளில் பங்கேற்றார். மாற்று ஆட்டக்காரர் மட்டை பிடிக்க முடியாது என்பதால், இரண்டாவது இன்னிங்ஸில் சாஹா கழுத்து வலியோடே ஆடி ஆட்டமிழக்காமல் 61 ரன்கள் எடுத்தார். பரத்தின் பெயர் ஆட்டக் கணக்கில் 'மாற்று' என்ற சொல்லோடு மட்டுமே பதிவாயிற்று. அவருடைய முதல் டெஸ்ட் 2023 பிப்ரவரியில்தான் வந்தது.

2025 ஜூலையில் லார்ட்ஸ் டெஸ்டில் ரிஷப் பந்த்தின் விரலில் காயம். அடுத்து மான்செஸ்டர் டெஸ்டில் காலில் எலும்பு முறிவு. இரு ஆட்டங்களிலும் துருவ் ஜுரெல் மாற்றாக வந்து கையுறை அணிந்தார். ஐந்தாவது டெஸ்டுக்கு ஜுரெல் முதன்மைக் கீப்பராகிவிட்டதால், 'இரண்டாவது கீப்பர்' என்ற இடம் காலியாயிற்று. அதற்கு அழைக்கப்பட்டவர் தமிழ்நாட்டின் நா. ஜெகதீசன். 2022இல் விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 ரன்கள் குவித்தவர் அவர். ஓவலில் அவர் ஆடவில்லை. இருந்தும், தொடரின் கடைசி ஆட்டத்துக்காக ஒருவரை இந்தியாவிலிருந்து வரவழைத்தது, அந்த இடத்தை இன்றைய தேர்வாளர்கள் எவ்வளவு இன்றியமையாததாகக் கருதுகிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

பேஸ்பாலில் இதே கேள்வி

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் கீப்பருக்கு ஒப்பானவர் கேட்சர். அங்குள்ள முதன்மை லீக் அணிகள் 26 பேர் கொண்டவை. பொதுவாக அவற்றில் இரண்டு கேட்சர்கள் இருப்பார்கள். பேஸ்பாலில் ஒருமுறை வெளியேற்றப்பட்டவர் அதே ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. ஆகவே இரண்டாவது கேட்சரை வேறு பணிக்குப் பயன்படுத்திவிட்டு, அதன்பின் முதல் கேட்சர் காயமடைந்தால் அணி சிக்கலில் மாட்டிக்கொள்ளும். அதற்காக, பள்ளி அல்லது கல்லூரி நாட்களில் கேட்சராக ஆடிய அனுபவமுள்ள வேறோர் ஆட்டக்காரரை 'அவசரக் கேட்சர்' என்று முன்கூட்டியே குறித்து வைப்பார்கள். மூன்றாவதாக ஒரு முழுநேரக் கேட்சரை வைப்பது வீண் என்பதே அங்குப் பெரும்பான்மைக் கருத்து. இந்திய அணியில் திராவிடும் ராகுலும் வகித்த பங்கு ஏறக்குறைய இதுதான்.

மதிப்பீடு

மேற்கண்ட நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்பது புலனாகும். உள்நாட்டில், ஒரு நாள் பயணத்தில் இன்னொரு கீப்பரை வரவழைக்க முடியும் என்றால், அவர் எப்போதும் அணியுடன் இருக்க வேண்டியதில்லை. நீண்ட வெளிநாட்டுப் பயணத்தில் அவர் தேவை. ஐந்து நாள் ஆட்டத்தில், 2017க்குப் பிந்தைய சட்டப்படி, அன்றைக்கே களமிறங்க ஒருவர் கையருகே இருப்பது கான்பூரில் கண்டதுபோல் ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடும். ஒருநாள் ஆட்டங்களிலோ, களத்தில் ஆடும் பதினொருவரில் கீப்பிங் பழகிய மட்டையாளர் ஒருவர் இருந்தாலே பெரும்பாலும் போதுமானது.

இருந்தாலும் எல்லா நிகழ்வுகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மாற்றாக வந்து வெற்றி பெற்ற குந்தரன், கார்த்திக், பரத், திராவிட், ராகுல் எல்லோரும் கையுறைக்குப் புதியவர்கள் அல்லர். ஈடாக ஒருவர் இருப்பது பாதி ஏற்பாடு. அவர் பயிற்சியோடு இருப்பது மறுபாதி. ஆட்டமே தராமல் ஒருவரை ஆண்டுக்கணக்கில் பயணத்தில் வைத்திருந்தால், தேவைப்படும் நாளில் அவர் கை பழக்கம் விட்டுப் போயிருக்கும். இரண்டாவது கீப்பர்களை ரஞ்சிக் கோப்பை, இந்திய 'ஏ' அணி ஆட்டங்களில் தொடர்ந்து ஆடவைப்பது அதனால்தான் தேவையாகிறது.

பள்ளி அணிகளுக்கும் இது பொருந்தும். பல பள்ளிகளில் ஒரே ஒரு மாணவன் மட்டும் கீப்பிங் பழகுகிறான். கையுறையும் ஒரு சோடிதான் இருக்கும். போட்டியன்று அவன் விரலில் அடிபட்டால், தோல் பந்தை அந்த இடத்தில் ஒருநாளும் எதிர்கொள்ளாத இன்னொரு மாணவனைப் பின்னால் நிறுத்துகிறார்கள். தோல்வியைக் காட்டிலும் பெரிய இழப்பு அந்த மாணவனின் பல்லிலோ விரலிலோ நேரக்கூடும். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், அதே கையுறையை வேறு இருவருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழக்கினால் இதைத் தவிர்க்கலாம். அதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.